தொடுக

மலர்க்காட்சியின் மூன்றாவது கூடாரத்தில்
டேலியாக்களுக்கும் உரக் கம்பெனி ஸ்டாலுக்கும் நடுவே
என் பெட்டி நின்றது.
திரையில் ஒரே ஒரு சொல்: தொடுக.

ஆறு மாதமாக அதற்குள் மலையை ஏற்றியிருந்தோம்.
அஸ்தம்பட்டி மாடியறையில் உட்கார்ந்து
இருபது கொண்டை ஊசி வளைவுகளையும்
சட்டகம் சட்டகமாக வரைந்தேன்.
பதினான்காம் வளைவில் மட்டும் பஸ்
எப்போதும் ஒரு பிக்சல் பள்ளத்தில் இறங்கும்.
இருநூற்றைம்பத்தாறு வண்ணங்களுக்குள்
காப்பி இலையின் பச்சையும்
நிழல்மரத்தில் ஏறிய மிளகின் பச்சையும்
ஒன்றாகிப் போயின.
எழுத்துருவில் 'கொடி' உடைந்து
கொம்பு மட்டும் முந்தைய வரியில் தொங்கியது.
'ஏற்காடு' என்று நாற்பது முறை குரல் கொடுத்தாள் பிலோமினா,
அதில் ஏழு ஜலதோஷத்தோடு.
மழைக்குத்தான் ஒலி கிடைக்கவில்லை. அது பிப்ரவரி.
மாதேசு வாணலியில் எண்ணெய் காயவைத்துக்
கடுகை அள்ளிப் போட்டான்;
நான் மைக்கைப் பிடித்தேன்.

எழுத்து, படம், ஒலி, அசைவு எல்லாம்
உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றில்.

கடலுக்கு அப்பால், நான் பிறக்கும் முன்பே,
மரக்கட்டையைக் குடைந்து
அடியில் இரண்டு சக்கரமும் வாலாக ஒரு கம்பியும் வைத்து
ஆயிரம் பேர் முன்னால் நகர்த்தினார் ஒருவர்;
திரையில் ஒரு புள்ளி கூடவே நகர்ந்தது.
அவருக்கும் முன்னால் இன்னொருவர்
ஒளிப்பேனாவால் கண்ணாடிமேல் கோடு இழுத்தார்;
கோணலை எந்திரம் நேராக்கிக் கொடுத்தது.
அதுவரை, அட்டையில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு
நாளைக்கு வா என்றால்
நாளைக்குத்தான் போக வேண்டும்,
தாலுகா ஆபீஸ் மாதிரி.
கேட்டதும் பதில் வர வேண்டும் என்று
ஆசைப்பட்டவர்கள். அவ்வளவுதான் அந்த ஆசை.

அவர்களைப் படித்த திமிரில்
எலி வேண்டாம் என்றேன்.
விரல் போதும் என்றேன்.

இரண்டாம் நாள், பதினொன்றரைக்குத் தங்காயி வந்தாள்.
மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில்
பழம் பறிப்பு, கவாத்து, களை, எல்லாம் அவள்தான்.
சுட்டுவிரலை வைத்தாள். ஒன்றுமில்லை.
அழுத்தினாள். நடுவிரல். கட்டைவிரல்.
இடக்கை.
கத்திப்பிடியும் காம்புகளும் காய்ப்பேற்றிய தோலில்
கண்ணாடி தேடிய ஈரம் இல்லை.
பின்னால் நின்ற பையன் ஐஸ்கிரீம் கையால் தொட்டான்:
ஏரி திறந்தது, படகு கிளம்பியது.
"என் கையி அழுக்குங்க போல"
முந்தானையில் துடைத்துக்கொண்டே போனாள்.

இரவு விடுதியில் பதிவேட்டைத் திறந்தேன்.
11.32 முதல் 11.38 வரை: பயனர் இல்லை.
ஆறு நிமிடம் என் எதிரே நின்றவளை
நான் எழுதிய நிரல்
நான் சொல்லிக்கொடுத்த சொற்களிலேயே
இல்லை என்று எழுதியிருந்தது.

தொடு என்றால் விரல் வை.
தொடு என்றால் பூவோடு பூவைச் சேர்த்துக் கட்டு.
கூடாரம் நிறையப் பூ இருந்தும்
முதல் பொருளோடு நின்றுவிட்டேன்.

காலையில் டிக்கெட் கவுண்டரில்
எலி ஒன்று கடன் வாங்கினேன்.
உருளைப் பந்தில் அப்பியிருந்த அழுக்கைக்
குண்டூசியால் சுரண்டினேன்.
வயரைச் செல்லோடேப் போட்டு ஒட்டினேன்.
லைன் வீட்டுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

தங்காயி வந்தாள், இன்னும் நாலு பேரோடு.
எலியை முழுக் கையால் மூடினாள்.
அம்பு நடுங்கியது, ஓடி ஓரத்தில் ஒளிந்தது.
"எங்க போச்சு கழுத?"
இழுத்து வந்தாள்.
ஏரியைத் தாண்டினாள்,
ரோஜாத் தோட்டத்தைத் தாண்டினாள்,
மேகப் படத்தின்மேல் நிறுத்தி அழுத்தினாள்.

ஸ்பீக்கரில் சடசடவென்று பெய்தது.
சராசரி மழையளவைச் சொன்னாள் பிலோமினா.
தங்காயி தலை சாய்த்துக் கேட்டாள்.
நாலு பேர் பக்கமும் திரும்பினாள்:
"மழையாம். எவளோ தாளிக்கறா."

மறுபடி அழுத்தினாள்.